போன்ழூர் முதல் ஓ ருவ்வார் வரை

நுழையும்முன்

ஒரு மொழியின் இலக்கணத்தைப் பல ஆண்டுகள் பயின்ற ஒருவர், அம்மொழி வழங்கும் ஊரில் ஒரு ரொட்டி வாங்கத் தயங்கி நிற்பதுண்டு. அகராதியில் உள்ள சொற்களை அவர் அறிவார். ஆனால், எந்தச் சொல்லை முதலில் சொல்வது, யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை அறியார். அன்றாடத் தொடர்கள் சொற்களின் கூட்டம் மட்டும் அல்ல. அவை மனிதர்க்கிடையே நிகழும் செயல்கள். பிரெஞ்சுப் பேச்சு வழக்கின் சில எளிய தொடர்களைக் கொண்டு இவ்வுண்மையை அறிவோம்.

உலகில் முப்பது கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி பிரெஞ்சு. அது இலத்தீன மொழியிலிருந்து கிளைத்தது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. பிரான்சு, பெல்சியம், சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக், ஆப்பிரிக்க நாடுகள் பல எனப் பரந்த நிலப்பரப்பில் வழங்குகிறது. நமக்கும் அது முற்றிலும் அயலான மொழி அன்று. 1674ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்றமாக விளங்கிய புதுச்சேரி, 1954 நவம்பர் முதல் நாளில் இந்தியாவின் ஆட்சிக்கு மாறியது. 1962இல் சட்டப்படி இணைந்தது. புதுச்சேரியின் பழைய தெருக்கள் சிலவற்றின் பெயர்ப் பலகைகளில் இன்றும் பிரெஞ்சு மொழி தமிழுடன் சேர்ந்து நிற்கிறது. தமிழக மேல்நிலைப் பள்ளிகளிலும் மாணவர் பலர் பிரெஞ்சினை மொழிப்பாடமாகப் பயில்கின்றனர்.

ஆயினும், தேர்வுக்காகப் பயில்வதும் பேசப் பயில்வதும் ஒன்றல்ல. வினைச்சொல் வாய்பாடுகளைப் பிழையின்றி எழுதும் மாணவர், வழி கேட்க நேரும்போது வாயடைத்து நிற்கிறார். 1980களுக்குப் பின் போரின் கொடுமையால் பாரிசு நகரை அடைந்த ஈழத்தமிழர்க்கு, அன்றாடத் தொடர்கள் வாழ்வின் முதல் தேவையாக இருந்தன. அலுவலகச் சாளரத்தின் முன்னும் மருத்துவமனையிலும் பேசத் தெரிந்த ஒருசில தொடர்களே அவர்களுக்குத் துணை. ஒரு மொழியில் முதலில் கற்க வேண்டியவை எவை என்பதை இத்தகைய வாழ்க்கையே நமக்குக் கற்பிக்கிறது.

ஒலியின் வாயில்

பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்டிவிட இயலாது. ஒலிக்குறிப்புக்காக இப்பாடத்தில் சில மரபுகளைக் கைக்கொள்வோம். ‘ழான்’, ‘ழாக்’ என்று பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும் வழக்கம் உண்டு. அங்கே வரும் ‘ழ’ நம் சிறப்பு ழகரம் அன்று. ‘ஷ’ என்னும் ஒலியைத் தொண்டை அதிர ஒலித்தால் தோன்றும் ஒலியே அதனால் குறிக்கப்படுகிறது. ‘நீ’ என்னும் பொருளுடைய ‘த்யூ’ என்ற சொல்லில் வரும் உயிரொலியும் தமிழில் இல்லாதது. நாவை ‘ஈ’ ஒலிக்க வைப்பதுபோல் வைத்து, இதழ்களை ‘ஊ’ எனக் குவித்தால் அவ்வொலி பிறக்கும்.

மூக்கொலி பெறும் உயிர்கள் பிரெஞ்சு மொழிக்கு உயிர்நாடி. ‘போன்’ என்று எழுதினாலும் இறுதியில் னகரம் தனித்து ஒலிக்காது; ஓகாரமே மூக்கின் வழியாக ஒலிக்கும். இதனைக் கடினம் எனக் கருத வேண்டுவதில்லை. ‘அவன் வந்தான்’, ‘மரம்’ என நாம் எழுதுவனவற்றை அன்றாடப் பேச்சில் எப்படி ஒலிக்கிறோம் என்று உற்றுக் கேட்டால் போதும். இறுதி மெய் மறைந்து, அதற்கு முந்தைய உயிர் மூக்கொலியாக மாறுவதை உணரலாம். எழுத்துத் தமிழில் இல்லாத ஓர் ஒலி நம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. அதுவே பிரெஞ்சுக்கு நம்மை அழைத்துச் செல்லும் படி.

ஏட்டில் எழுதப்பட்டும் நாவில் ஒலிக்காத எழுத்துகள் பிரெஞ்சில் மிகுதி. பாரிசு நகரை அந்நாட்டார் ‘பாரி’ என்றே அழைப்பர். இறுதி எழுத்து எழுத்தளவில் மட்டும் நிற்கும். ஆனால், உறங்கும் அவ்வெழுத்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொள்ளும். ‘வூ’ என்பது நீங்கள். ‘அவே’ என்பது வைத்திருக்கிறீர்கள். இரண்டும் சேரும்போது ‘வூ அவே’ என ஆகாமல் ‘வூ ஸவே’ என ஒலிக்கும்.

தமிழின் புணர்ச்சி இலக்கணத்தை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ‘வீடு’ என்பதன் முன் ‘இல்லை’ வந்தால் குற்றியலுகரம் கெட்டு ‘வீடில்லை’ என்றாகிறது. அதுபோலவே ‘நான்’ எனப் பொருள்படும் ‘ழ’ என்னும் சொல்லின் குறுகிய உயிர், ‘ஏம்’ என்பது வரும்போது கெட்டு ‘ழேம்’ என்றாகும். ‘நான் விரும்புகிறேன்’ என்பது அதன் பொருள். ‘பால் + ஆறு’ என்பது ‘பாலாறு’ ஆவதுபோல, ‘அவன்’ எனப் பொருள்படும் ‘இல்’ என்பதும் ‘இருக்கிறான்’ எனப் பொருள்படும் ‘ஏ’ என்பதும் சேர்ந்து ‘இலே’ எனத் தொடரும். ‘மணி + அடித்தான்’ என்பதில் யகரம் தோன்றுவதுபோல, பிரெஞ்சிலும் உடம்படுமெய் போன்ற ஒன்று உண்டு. ‘அவன் போகிறானா?’ என வினவும்போது ‘வா’, ‘இல்’ என்னும் இரு சொற்களுக்கிடையே தகரம் தோன்றி ‘வா-தில்?’ என ஒலிக்கும். எனவே, பிரெஞ்சினைச் சொல் சொல்லாக வெட்டிக் கற்பதைவிடத் தொடராகக் கேட்டுக் கற்பதே பயன் தரும். காதில் விழுவது தனிச்சொல் அன்று, புணர்ந்த தொடரே.

வாயிலைத் திறக்கும் சொல்

பிரான்சு நாட்டில் ஒரு சிறு கடையில் நுழையும் ஒருவர் முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘போன்ழூர்’. ‘போன்’ என்பது நல்ல; ‘ழூர்’ என்பது நாள். ‘நல்ல நாள்’ என்பது சொற்பொருள். வணக்கம் என்பது பயன்பாடு. ரொட்டிக் கடையில் நிகழும் ஓர் உரையாடலைக் காண்போம்.

வாங்குபவர்: போன்ழூர், மதாம். (வணக்கம், அம்மையீர்.)
கடைக்காரர்: போன்ழூர், மெசியே. (வணக்கம், ஐயா.)
வாங்குபவர்: யூன் பகெத், சில் வூ ப்ளே. (ஒரு பகெத் ரொட்டி தாருங்கள்.)
கடைக்காரர்: வுவாலா, மெசியே. (இதோ, ஐயா.)
வாங்குபவர்: மேர்சி, மதாம். பொன் ழூர்னே! (நன்றி, அம்மையீர். இந்நாள் இனிதாகட்டும்!)
கடைக்காரர்: மேர்சி, ஓ ருவ்வார்! (நன்றி, சென்று வாருங்கள்!)

இவ்வுரையாடலில் பண்டத்தைப் பற்றிய செய்தி ஒரே தொடரில் அடங்கிவிடுகிறது. எஞ்சியவை அனைத்தும் மனிதரை மனிதர் மதித்தலைப் பற்றியவை. ‘போன்ழூர்’ சொல்லாமல் நேராக ‘யூன் பகெத்’ என்று கேட்பவரைக் கடைக்காரர் மரியாதை அறியாதவர் எனக் கருதக்கூடும். அவர் விடையிறுக்காமல், தாமே அழுத்தமாகப் ‘போன்ழூர்’ என்று சொல்லி நிறுத்துவதும் உண்டு. வாடிக்கையாளர் வணக்கத்தைத் திருப்பிச் சொன்ன பின்னரே உரையாடல் தொடரும். அயல்நாட்டவர் சிலர் பிரெஞ்சுக்காரர்களைக் கடுமையானவர்கள் என்று எண்ணுவதற்கு, இந்த ஒரு சொல்லைச் சொல்லத் தவறுவதும் ஒரு காரணம். கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டும் அன்று, ஒருவர் அமர்ந்திருக்கும் இடமும் ஆகும். அவ்விடத்தில் நுழைபவர் முதலில் அவரைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

பொழுதுக்கேற்ப வணக்கச் சொல் மாறும். மாலையில் ‘போன்சுவார்’ என்பர். ‘பொன் நுயி’ என்பது நல்லிரவு எனப் பொருள்படினும், உறங்கச் செல்லும் வேளையில் மட்டுமே சொல்லத் தகுவது. இரவு எட்டு மணிக்கு ஒரு விருந்தில் நுழைபவர் ‘பொன் நுயி’ என்றால், வந்தவுடன் விடைபெறுகிறார் என்று பிறர் எண்ணுவர். நண்பர்களுக்கிடையே ‘சாலு’ என்னும் சொல் வழங்கும். சந்திக்கும்போதும் பிரியும்போதும் அச்சொல் ஒன்றே பயன்படும். ஆசிரியரிடமோ அலுவலரிடமோ அதனைச் சொல்லுதல் தகாது.

வணக்கத்தை அடுத்து வருவது நலம் வினவல். ‘கொமான் தலே வூ?’ என்பது மதிப்புக்குரியவரிடம் கேட்பது, ‘எவ்வாறு செல்கிறீர்கள்?’ என்பது அதன் நேர்ப்பொருள். அணுக்கமானவரிடம் ‘ஸ வா?’ என்றாலே போதும். குரலை ஏற்றி ‘ஸ வா?’ என்றால் வினா. இறக்கி ‘ஸ வா’ என்றால் நலமே என்னும் விடை. இரு அசைகளுக்குள் வினாவும் விடையும் அடங்க, வேறுபாட்டைக் குரலின் ஏற்ற இறக்கமே செய்கிறது.

நீயும் நீங்களும்

முன்னிலையில் உள்ளவரை எப்படி அழைப்பது என்பது பிரெஞ்சு உரையாடலின் மையமான கேள்வி. ‘த்யூ’ என்பது நீ. ‘வூ’ என்பது நீங்கள். ஒருவரைப் பன்மையால் அழைத்து மதிப்பளிக்கும் மரியாதைப் பன்மை தமிழுக்கும் உரியது என்பதால், இவ்வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும். ஆனால், எல்லை வகுக்கும் முறை வேறு. தமிழில் அகவையும் உறவுமுறையும் பெரிதும் வழிகாட்டுகின்றன. பிரெஞ்சில் அணுக்கமே முதன்மை பெறுகிறது. பேரக்குழந்தை பாட்டியை ‘த்யூ’ என அழைப்பது அங்குப் பெரும்பாலும் இயல்பு. அறிமுகமற்ற இளைஞரைப் பெரியவர் ‘வூ’ என அழைப்பதும் இயல்பு. மாணவர் ஆசிரியரை ‘வூ’ என்றே அழைப்பர்.

‘வூ’விலிருந்து ‘த்யூ’வுக்கு மாறுவது ஓர் உறவின் திருப்புமுனை. ‘இனி நாம் ஒருவரையொருவர் நீ என அழைக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டு மாறும் வழக்கமும் உண்டு. அகவையில் மூத்தவர் அதனைத் தொடங்கி வைப்பதே முறையெனக் கருதுவர். ‘நீ என அழைத்தல்’, ‘நீங்கள் என அழைத்தல்’ என்பனவற்றுக்குத் தனித்தனி வினைச்சொற்களே அம்மொழியில் உள்ளன.

இவ்விரு சொற்களும் அரசியலிலும் இடம்பெற்றன. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், அனைவரும் அனைவரையும் ‘த்யூ’ என்றே அழைக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. ‘என் தலைவர்’ என்னும் வேர்ப்பொருள் கொண்ட ‘மெசியே’ என்பதற்கு மாற்றாகக் ‘குடிமகன்’ எனப் பொருள்படும் சொல் வழங்கப்பட்டது. சமன்மை நாடிய மக்கள் அதனை முதலில் அன்றாட விளியில் தேடினர் என்பது எண்ணத்தக்கது. புரட்சியின் வேகம் தணிந்தபின் ‘வூ’வும் ‘மெசியே’யும் மீண்டும் வழக்கிற்கு வந்தன. திருமணமாகாத பெண்ணை மட்டும் குறிக்கும் ‘மதுமுவாசெல்’ என்னும் சொல்லை, 2012இல் பிரான்சு அரசு தன் படிவங்களிலிருந்து நீக்கியது. ஆணுக்கு இல்லாத வேறுபாடு பெண்ணுக்கு மட்டும் ஏன் என்னும் வினாவே அம்மாற்றத்திற்குக் காரணம். இன்று படிவங்களில் பெண்கள் அனைவர்க்கும் ‘மதாம்’ என்பதே பொதுவிளி.

தமிழர் அறிமுகமற்றோரையும் ‘அண்ணா’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘அம்மா’ என உறவாக்கி அழைப்பர். பிரெஞ்சில் அவ்வாறு அழைத்தல் வழக்கன்று. பேருந்து ஓட்டுநரை ‘அண்ணா’ என்பதன் பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தால் அவர் குழப்பமடைவார். ‘மெசியே’ என்பதே அங்குத் தகும். உறவை விரிப்பதன் வழியாக நாம் காட்டும் மதிப்பை, அவர்கள் ஓர் இடைவெளியைப் பேணுவதன் வழியாகக் காட்டுகின்றனர். வழி வேறு, மதிப்பு ஒன்றே.

வேண்டலும் நன்றியும் வருத்தமும்

‘சில் வூ ப்ளே’ என்னும் தொடரை நாம் ‘தயவுசெய்து’ என மொழிபெயர்க்கிறோம். ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்பதே அதன் நேர்ப்பொருள். கேட்பவர் தம் தேவையைச் சொல்லி, முடிவைக் கேட்கப்படுபவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறார். அணுக்கமானவரிடம் இது ‘சில் த ப்ளே’ என மாறும். நம் திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றின் அடியில் காணப்படும் ‘ஆர்.எஸ்.வி.பி.’ என்பதன் பின்பாதியும் இத்தொடரே. ‘மறுமொழி தாருங்கள், உங்களுக்கு விருப்பமானால்’ என்பது அதன் விரிவு.

ஒன்றை வேண்டும்போது ‘எனக்கு வேண்டும்’ என நேராகக் கூறும் வினை வடிவத்தைத் தவிர்த்து, ‘ழ வூத்ரே’ என்பர். ‘நான் விரும்புவேன்’ எனச் சற்றே விலகி நின்று கேட்கும் வடிவம் அது. உணவகத்தில் இவ்வடிவமே பண்பானது.

‘மேர்சி’ என்பது நன்றி. கூலி, கைம்மாறு எனப் பொருள்பட்ட இலத்தீனச் சொல்லே இதன் வேர். தமிழில் ‘நன்றி’ என்பது நன்மை என்னும் பொருளையும் உடையது. ‘நன்றியறிதல்’ என்னும்போது செய்த நன்மையை அறிதலையே குறிக்கிறோம். இரு மொழிகளிலும் பெற்றதை மறவாமை என்னும் எண்ணமே சொல்லாக மலர்ந்துள்ளது. நன்றிக்கு மறுமொழியாக ‘து ரியேன்’ என்பர். ‘ஒன்றுமில்லை’ என்பது பொருள். மேலும் மதிப்பாகச் சொல்ல ‘ழ வூ ஸான் ப்ரி’ என்பர். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒருவர் உணவைப் பரிமாற முன்வரும்போது, கையை இலேசாக அசைத்து ‘மேர்சி’ என்றால் ‘வேண்டாம்’ என்றே பொருள்படலாம். வேண்டுமெனில் ‘சில் வூ ப்ளே’ எனல் வேண்டும்.

வருத்தம் தெரிவிப்பதிலும் படிநிலைகள் உண்டு. கூட்டத்தில் தோள் இடித்துவிட்டால் ‘பார்தோன்’. ஒருவரின் கவனத்தை ஈர்த்து வினவ ‘எக்ஸ்கியூஸே முவா’. உண்மையாகவே பிழை நேர்ந்து மனம் வருந்தினால் ‘ழ சுயி தேஸோலே’. சிறு இடிப்புக்குப் பெரிய வருத்தமும், பெரிய பிழைக்குச் சிறிய சொல்லும் பொருந்தா.

தும்மியவரை வாழ்த்தும் வழக்கமும் அங்கு உண்டு. அணுக்கமானவரிடம் ‘அ தே சுவே’ என்றும், மதிப்புக்குரியவரிடம் ‘அ வோ சுவே’ என்றும் கூறுவர். ‘உங்கள் விருப்பங்கள் நிறைவேறுக’ என்பது கருத்து. தும்மினால் வாழ்த்தும் மரபைத் திருக்குறளின் ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்திலும் காண்கிறோம். குழந்தை தும்மும்போது ‘நூறு’ என்று கூறும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சில் எழுபதை ‘அறுபது-பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு இருபதுகள்’ என்றும், தொண்ணூற்றை ‘நான்கு-இருபது-பத்து’ என்றும் கூறுவர். பெல்சியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுவோர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ‘செப்தான்த்’, ‘நொனான்த்’ எனத் தனிச்சொற்களைக் கையாள்கின்றனர். தமிழில் ‘ஒன்பது + பத்து’ என்பது ‘தொண்ணூறு’ ஆவதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

ஏட்டு வழக்கும் பேச்சு வழக்கும்

எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே உள்ள இடைவெளி தமிழர்க்குப் புதிதன்று. பிரெஞ்சிலும் அத்தகைய இடைவெளி உண்டு. 1635இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு மொழிக் கழகம் அகராதி தொகுத்துச் செம்மை வடிவத்தைப் பேணி வருகிறது. மக்களின் நாவோ தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொள்கிறது.

‘எனக்குத் தெரியாது’ என்பதை ஏட்டில் ‘ழ ந சே பா’ என எழுதுவர். இதில் ‘ந’, ‘பா’ என்னும் இரண்டும் சேர்ந்தே எதிர்மறையை உணர்த்துகின்றன. பேச்சில் ‘ந’ மறைந்து, முன்னுள்ள ஒலிகளும் இணைந்து ‘ஷே பா’ எனச் சுருங்கிவிடும். ‘பா’ என்பதன் பழைய பொருள் ‘காலடி’. ‘ஓரடியும் நடவேன்’ என்பதுபோல் எதிர்மறைக்கு வலுவூட்ட வந்த சொல் அது. இன்று பேச்சு வழக்கில் எதிர்மறையின் முழுச் சுமையையும் அதுவே தாங்குகிறது.

‘நாம் செல்கிறோம்’ என்பது நூல் வழக்கில் ‘நூ ஸலோன்’. பேச்சிலோ ‘ஓன் வா’. ‘நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?’ என வினவ மூன்று வடிவங்கள் உள்ளன. ‘ஊ அலே வூ?’ என்பது செம்மை வடிவம். ‘ஊ எஸ் க வூ ஸலே?’ என்பது இடைநிலை. ‘வூ ஸலே ஊ?’ என்பது இயல்பான பேச்சு. மூன்றாம் வடிவத்தில் வினாச்சொல்லை முன்னே கொண்டுவர வேண்டுவதில்லை. விடை வரும் இடத்திலேயே அது நிற்கும். தமிழிலும் வினாச்சொல் பெரும்பாலும் இடம் மாறாமலே நிற்பதால், இவ்வடிவம் நமக்கு எளிதில் வசப்படும். செம்மை வடிவத்தை மட்டும் கற்றவர் பேசுவதைப் பிறர் புரிந்துகொள்வர். பிறர் பேசுவதை அவர் புரிந்துகொள்வது அரிது. எனவே, ஒன்றை எழுதுவதற்கும் மற்றொன்றைக் கேட்பதற்கும் எனக் கொண்டு இரண்டையும் அறிதல் வேண்டும்.

சொற்பொருளும் வழக்குப்பொருளும்

அன்றாடத் தொடர்கள் பலவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கிட்டாது. ‘ஸ மார்ஷ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘அது நடக்கிறது’. வழக்கில் ‘சரி, அப்படியே செய்வோம்’ என்பதாகும். ‘போன் கூராழ்’ என்பது ‘நல்ல துணிவு’. கடினமான பணியைத் தொடங்குபவரிடம் ‘மனந்தளராமல் செய்யுங்கள்’ என ஊக்குவிக்கும் தொடர் அது. உண்ணத் தொடங்குவோரிடம் ‘பொனபெத்தி’ என்பர். ‘நல்ல பசி’ என்னும் சொற்பொருள், ‘இனிதே உண்ணுங்கள்’ என்னும் வாழ்த்தாகிறது. ‘வுவாலா’ என்பது ‘அங்கே பார்’ என்பதிலிருந்து பிறந்தது. ‘இதோ’, ‘அவ்வளவுதான்’, ‘அதேதான்’ எனப் பல பொருள்களை இடத்திற்கேற்பத் தரும்.

சில இடங்களில் ஒரு சொல்லைச் சேர்ப்பது பொருளைக் குறைக்கும். ‘ழ தேம்’ என்றால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’. ‘நன்றாக’ எனப் பொருள்படும் ‘பியேன்’ என்பதைச் சேர்த்து ‘ழ தேம் பியேன்’ என்றால் அன்பு மிகும் என நினைப்போம். உண்மையில் அது குறைந்து, ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்னும் நட்பின் அளவில் நின்றுவிடும். அகராதி மட்டும் அறிந்தவர் தடுமாறும் இடம் இது.

பேச்சு தடைப்படும்போது

புதிய மொழியில் பேசுவோர் அனைவருக்கும் புரியாத தருணம் ஒன்று வந்தே தீரும். அப்போது தலையசைத்துப் புரிந்ததாகக் காட்டிக்கொள்வது தீங்கு தரலாம். மருத்துவர் சொல்லும் மருந்தின் அளவையோ, அலுவலர் கூறும் இறுதி நாளையோ அரைகுறையாகக் கேட்டுத் திரும்புதல் ஆகாது. ஆகவே, வணக்கத்திற்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியவை, புரியவில்லை என்பதைச் சொல்லும் தொடர்களே.

ழ ந கோம்ப்ரான் பா — எனக்குப் புரியவில்லை.
ப்ளூ லாந்தமான், சில் வூ ப்ளே — சற்று மெதுவாகப் பேசுங்கள்.
வூ பூவே ரேபேத்தே? — மீண்டும் ஒருமுறை சொல்ல முடியுமா?
சே கோம்பியேன்? — இதன் விலை என்ன?
ஊ ஏ ல கார்? — தொடர்வண்டி நிலையம் எங்கே உள்ளது?

இத்தொடர்களைத் தயங்காமல் சொல்லக் கற்றவர்க்கு, அந்நாட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் ஆசிரியராகிவிடுவர். அறியாமையை மறைப்பவர்க்கு மொழி வளராது. பணிவோடு வினவுபவர்க்கே அது வளரும். தொடரை முழுமையாகச் செவியில் வாங்குதல், அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பச் சொல்லுதல், யாரிடம் எப்போது சொல்வது என உடன் குறித்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த பயிற்சியே பேச்சு மொழியைப் பழக்கப்படுத்தும்.

விடைபெறும் சொற்கள்

பிரியும் வேளையில் பிரெஞ்சுக்காரர் ‘ஓ ருவ்வார்’ என்பர். ‘மீண்டும் காணும் வரை’ என்பது அதன் பொருள். விரைவில் சந்திப்பதாயின் ‘அ பியேன்தோ’. மறுநாள் சந்திப்பதாயின் ‘அ துமேன்’. இனிச் சந்திக்க இயலாத நெடும்பிரிவுக்கு ‘அதியே’ என்னும் வேறு சொல் உண்டு. ‘இறைவனிடம்’ என்னும் வேர்ப்பொருள் கொண்ட அச்சொல்லை எளிதில் வழங்கார். தமிழரும் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னார். ‘போய் வருகிறேன்’ என்றே கூறுவர். போதலைச் சொல்லும்போதே வருதலையும் சேர்த்துச் சொல்லும் நம் மரபும், பிரிவைச் சொல்லும்போதே சந்திப்பை நினைக்கும் அவர்தம் மரபும் ஒரே மனத்தின் இரு வெளிப்பாடுகள்.

‘போன்ழூர்’ என்பதைக் கற்கும்போது, நாம் நாள்தோறும் சொல்லும் ‘வணக்கம்’ என்பதன் மதிப்பையும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். நம் தெருவில் காய் விற்பவரிடமும், பேருந்து நடத்துநரிடமும், பள்ளியைத் தூய்மை செய்பவரிடமும் முதற்சொல்லாக நாம் எதைச் சொல்கிறோம் என்னும் வினா நம்முள் எழுகிறது. அயல்மொழியின் எளிய தொடர்கள் இவ்வாறு நம் மொழியையும் நம்மையும் பார்க்கச் செய்கின்றன. அன்றாடத் தொடர்களைக் கற்பதன் பெரும்பயன் அதுவே.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் ஒரு நாளில் பயன்படுத்தும் வணக்கம், நன்றி, வருத்தம், விடைபெறல் ஆகியவற்றுக்கான தமிழ்த் தொடர்களைத் தொகுத்து, அவற்றை யாரிடம் எப்போது கூறுகிறீர்கள் என அட்டவணைப்படுத்துக.
2. ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்னும் சொற்கள் உங்கள் வட்டாரப் பேச்சில் யாரிடம் எவ்வாறு வழங்குகின்றன என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.
3. பாடத்தில் உள்ள ரொட்டிக் கடை உரையாடலை இருவர் இருவராக நடித்துக் காட்டுக. பின்னர், அதே உரையாடலை உங்கள் ஊர்க் கடை ஒன்றில் நிகழ்வதாக மாற்றி எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கலந்துரையாடுக.
4. தமிழ்ப் புணர்ச்சியோடு ஒப்பிடத்தக்க பிரெஞ்சு ஒலி மாற்றங்களைப் பாடப்பகுதியிலிருந்து எடுத்துக்காட்டி விளக்குக.